வளங்குன்றாப் பயணத் திட்டமிடலுக்கான கைப்பேசிச் செயலி வடிவமைப்பு: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயணத் திட்டமிடல் செயலிகள் பெருநகரங்களின் தேவையை ஒட்டி உருவானவை. பேருந்தையே பெரிதும் நம்பியிருக்கும் சேலம் – நாமக்கல் சமவெளி போன்ற வட்டாரங்களுக்கு அவற்றை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. இவ்வட்டாரத்தில் வளங்குன்றாப் பயணம் என்பது புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டிய பழக்கம் அன்று. ஏற்கெனவே பேருந்தில் செல்வோரை அதிலேயே நிலைநிறுத்துவதுதான் முதற்பணி என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதனடிப்படையில் தரவு அமைப்பு, தமிழ் இடப்பெயர்த் தேடல், வழி கணித்தல், கரிம உமிழ்வைக் காட்டும் முறை, திரை வடிவமைப்பு, பயனர் சோதனை ஆகிய ஆறு கூறுகள் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வளங்குன்றாப் பயணம், கைப்பேசிச் செயலி, பயன்பாட்டெளிமை, பேருந்துக் கால அட்டவணை, இடப்பெயர்த் தேடல், கரிம உமிழ்வு.

முன்னுரை

இன்றைய தலைமுறையின் தேவையை நிறைவு செய்யும்போது வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் காப்பதே வளங்குன்றா வளர்ச்சி என 1987-ஆம் ஆண்டின் புருண்ட்லாந்து அறிக்கை வரையறுத்தது. இக்கருத்தைப் பயணத்திற்குப் பொருத்தும்போது எரிபொருள் சிக்கனம், குறைந்த உமிழ்வு, எளியோரும் ஏற்கத்தக்க கட்டணம், பாதுகாப்பு ஆகியவை ஒருங்கே கருதப்பட வேண்டும். ஆனால் இப்பொருளில் வெளிவரும் செயலிகள் பலவும் சுற்றுலாப் பயணியை முன்னிறுத்துகின்றன. பசுமை விடுதி எது, எந்த வானூர்தியில் உமிழ்வு குறைவு என்பன போன்ற வினாக்களுக்கே அவை விடை தருகின்றன.

இராசிபுரத்திலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு மாதந்தோறும் வரும் முதியவருக்கும், பள்ளிபாளையத்தில் விசைத்தறி வேலை முடித்து இரவு ஊர் திரும்பும் தொழிலாளிக்கும், கருப்பூரிலுள்ள பெரியார் பல்கலைக்கழகத்திற்கு இரண்டு பேருந்து மாறி வரும் மாணவிக்கும் அவ்வினாக்கள் எழுவதில்லை. அவர்கள் ஏற்கெனவே குறைந்த உமிழ்வில்தான் பயணம் செய்கின்றனர். அவர்களுடைய வினா, ‘அடுத்த பேருந்து எப்போது? திரும்பி வரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?’ என்பதே. இதற்கு உறுதியான விடை கிடைக்காதபோது, வசதி வந்தவுடன் தவணையில் இருசக்கர வாகனம் வாங்கப்படுகிறது. பேருந்து ஒரு பயணியை இழப்பதற்குப் பேருந்தின் குறை மட்டுமே காரணம் அன்று. பேருந்து பற்றிய தகவலின் குறையும் காரணமாகிறது. செயலி வடிவமைப்பு தொட வேண்டிய இடம் இதுவே.

வட்டாரத்தின் போக்குவரத்து அமைப்பு

1997 சனவரி முதல் நாளில் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. நிருவாக எல்லை பிரிந்தபோதும் பயண எல்லை பிரியவில்லை. மருத்துவம், உயர்கல்வி, மொத்த வணிகம் ஆகியவற்றிற்காகச் சேலத்தை நோக்கிய ஓட்டம் தொடர்கிறது. சேலம், நாமக்கல், கரூர் ஆகிய நகரங்களை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இணைக்கிறது. சங்ககிரி, குமாரபாளையம் வழியாகக் கோவை செல்லும் 544-ஆம் எண் நெடுஞ்சாலை மேற்கே பிரிகிறது. சமவெளியின் விளிம்பில் இருபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் ஏற்காடும், எழுபது வளைவுகளைக் கடந்து ஏறும் கொல்லிமலையும் உள்ளன.

தொடர்வண்டித் துறையில் சேலம் கோட்டம் 2007 நவம்பரில் உருவானது. சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் அகலப்பாதை 2013-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதுவரை நாமக்கல் நகருக்குத் தொடர்வண்டியே இல்லை. எனினும் அன்றாடக் குறுந்தொலைவுப் பயணத்தின் சுமையைப் பேருந்துகளே தாங்குகின்றன. முன்பு அண்ணா போக்குவரத்துக் கழகம் என்னும் பெயரில் இயங்கி, 1997-இல் பெயர் மாறிய தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டம் ஒருபுறமும், எண்ணற்ற தனியார் பேருந்துகள் மறுபுறமும் ஒரே வழித்தடங்களில் ஓடுகின்றன. உள்ளூர்ச் சிற்றூர்களைச் சிற்றுந்துகள் இணைக்கின்றன. சிற்றுந்துத் திட்டம் 1997-இல் தொடங்கப்பெற்று, 2025-இல் புதிய விரிவான திட்டமாக மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பின்னர் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட இத்திட்டம் ‘விடியல் பயணம்’ எனப் பெயர் பெற்றது. இவ்வசதி அரசு நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. தனியார் பேருந்துகளுக்கோ விரைவுப் பேருந்துகளுக்கோ இல்லை. பயணத் திட்டமிடலில் இது அடிப்படை மாற்றத்தை விளைவித்துள்ளது. பொதுவான செயலிகள் மிக விரைவான வழியையே முதலில் காட்டும். இருபது நிமிடம் கூடுதலானாலும் கட்டணமில்லாப் பேருந்தையே தேர்ந்தெடுக்கும் பெண்ணுக்கு அவ்விடை பயனற்றது.

தகவல் தேங்கியுள்ள இடங்கள்

இவ்வட்டாரத்தில் பேருந்துத் தகவல் இல்லாமல் இல்லை. அது சிதறிக் கிடக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி வழித்தடப் பேருந்துக்கான அனுமதி விண்ணப்பத்திலேயே உத்தேசக் கால அட்டவணை இடம்பெற வேண்டும். எனவே தனியார் பேருந்தின் ஒவ்வொரு நடைக்கும் உரிய நேரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கோப்பில் உள்ளது. அரசுப் பேருந்தின் நேரம் அந்தந்தக் கிளைப் பணிமனையில் உள்ளது. பேருந்து நிலையத்தின் நேரக்காப்பாளர் வருகையையும் புறப்பாட்டையும் குறித்து வைக்கிறார். நடத்துநருக்கும் நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்காரருக்கும் நேரங்கள் மனப்பாடம். இவை அனைத்தும் ஒருங்கே பயணியின் கைக்கு வருவதில்லை.

இடம் பற்றிய அறிவும் இதே நிலையில் உள்ளது. சேலத்தில் நகரப் பேருந்துகளுக்குப் பழைய பேருந்து நிலையமும் வெளியூர்ப் பேருந்துகளுக்குப் புதிய பேருந்து நிலையமும் மையங்களாக உள்ளன. ‘சேலம்’ என்று ஒரே புள்ளியை வரைபடத்தில் குறிக்கும் செயலி, ஆத்தூரிலிருந்து வந்து அம்மாபேட்டை செல்ல விரும்பும் பயணியைத் தவறான நிலையத்தில் இறக்கிவிடும். தொடர்வண்டி நிலையமோ சூரமங்கலத்தில் உள்ளது. உள்ளூர் வழக்கில் அதன் பெயர் ‘ஜங்ஷன்’. நாமக்கல்லில் முதலைப்பட்டியில் அமைந்த புதிய பேருந்து நிலையம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒரு நிலையம் இடம்பெயர்ந்தால் அதனைத் தொடும் எல்லா வழித்தடங்களின் நேரமும், நடந்து செல்லும் தொலைவும், மாறும் இடமும் மாறுகின்றன. அம்மாற்றத்தை அதே வாரத்தில் ஏற்காத செயலியைப் பயணி ஒருமுறைதான் நம்புவார்.

முன்னோடி முயற்சிகள் தரும் பாடம்

மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளின் நிகழ்நேர இருப்பிடத்தைக் காட்டும் ‘சென்னை பஸ்’ செயலி 2022 மே மாதம் அறிமுகமானது. பேருந்து, மெட்ரோ, புறநகர்த் தொடர்வண்டி ஆகியவற்றை ஒரே பயணச்சீட்டில் இணைக்கும் ‘சென்னை ஒன்று’ செயலியைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. பல ஊர்திகளை ஒரே அமைப்பின்கீழ் ஒருங்கிணைக்கும் குழுமம் ஒன்று சட்டப்படி இருந்தமை இதற்கு வாய்ப்பளித்தது. சேலம், நாமக்கல் பகுதிக்கு அத்தகைய குழுமம் இல்லை. ஆகவே சென்னைச் செயலியின் நிரலைக் கொண்டுவருவது எளிது; அதன் பின்னுள்ள நிருவாக உடன்பாட்டை உருவாக்குவதே அரிது.

பின்லாந்துத் தலைநகர் எல்சிங்கியில் 2016-இல் அறிமுகமான ‘விம்’ செயலி, எல்லா ஊர்திகளையும் ஒரே மாதக் கட்டணத்தில் தரும் முன்மாதிரியாக உலகெங்கும் பேசப்பட்டது. அதனை நடத்திய தனியார் நிறுவனம் 2024-இல் நொடித்துப்போனது. அந்நகரின் பொதுப்போக்குவரத்து ஆணையம் திறந்த மூலநிரலில் நடத்திவந்த பயணத் திட்டமிடல் சேவையோ தொடர்ந்து இயங்கியது. தரவும் அடிப்படைச் சேவையும் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இந்திய நிலையில் கருதத்தக்க மற்றொன்று ‘வேர் இஸ் மை டிரெய்ன்’ செயலி. 2018-இல் கூகுள் நிறுவனம் கையகப்படுத்திய இச்செயலி, இணைய இணைப்பு இல்லாதபோதும் கைப்பேசிக் கோபுரச் செய்தியைக் கொண்டு வண்டி இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. கால அட்டவணை கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும் கொல்லிமலைச் சாலைக்கும் ஏற்காட்டுச் சாலைக்கும் இவ்வணுகுமுறையே பொருந்தும்.

தரவு அடித்தளம்

பொதுப்போக்குவரத்துத் தகவலைப் பரிமாறுவதற்கு உலகளவில் பயிலும் தரம் ஜி.டி.எஃப்.எஸ். எனப்படும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் இணைந்து 2005-இல் இதனைத் தொடங்கின. நிறுத்தம், வழித்தடம், நடை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும் நேரம், இயங்கும் நாள்கள் ஆகியவை தனித்தனி எளிய உரைக் கோப்புகளாக அமைகின்றன. விரிதாளைக் கையாளத் தெரிந்த ஒரு கிளை அலுவலர் இவற்றை உருவாக்கவும் திருத்தவும் முடியும் என்பதே இதன் வலிமை.

இவ்வட்டாரத்திற்கு இத்தரத்தின் மூன்று கூறுகள் சிறப்பாகப் பயன்படும். முதலாவது, விதிவிலக்கு நாள்களைக் குறிக்கும் கோப்பு. ஆடிப்பெருக்கன்று மேட்டூருக்கும், வல்வில் ஓரி விழா நாள்களில் கொல்லிமலைக்கும், மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காட்டிற்கும் வழக்கமான அட்டவணை பொருந்தாது. இரண்டாவது, மொழிபெயர்ப்புக் கோப்பு. ஒரே நிறுத்தத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழங்க இது இடமளிக்கிறது. மூன்றாவது, நள்ளிரவு கடந்த நடைகளுக்கான நேரக் குறிப்பு. திங்கள் இரவு புறப்பட்டு ஒரு மணி பத்து நிமிடத்திற்குச் சேரும் பேருந்தின் நேரம் இத்தரத்தில் 25:10 என எழுதப்படும். கணினிக்கு இது தெளிவு, பயணிக்குக் குழப்பம். திரையில் அது ‘திங்கள் இரவு 1.10’ என மாற வேண்டும். ‘செவ்வாய் 01:10’ என்று காட்டினால் ஒருநாள் பிந்தி நிலையத்திற்கு வருவோரும் இருப்பர்.

நிகழ்நேர இருப்பிடத்திற்கும் வழி உண்டு. பயணிகள் ஊர்திகளில் இருப்பிடங்காட்டும் கருவியும் அவசர அழைப்புப் பொத்தானும் இருத்தல் வேண்டும் என்னும் ஏ.ஐ.எஸ். 140 தரம், 2019 சனவரி முதல் பதிவாகும் புதிய ஊர்திகளுக்கு நடைமுறைப்படுத்தப்பட்டது. கருவி பொருத்தியிருப்பதும் அதன் தரவு பயணியை எட்டுவதும் வேறு வேறு. இடைப்பட்ட காலத்தில், அச்சிட்ட அட்டவணையின் நேரத்தையும் நிகழ்நேரத்தையும் ஒரே வண்ணத்தில் காட்டலாகாது. ‘அட்டவணைப்படி 6.40’ என்பதும் ‘இப்போது மல்லூரில் உள்ளது’ என்பதும் நம்பகத்தன்மையில் வேறுபட்டவை. அவ்வேறுபாடு சொல்லிலேயே வெளிப்பட வேண்டும்.

தரவைச் சரிபார்ப்பதற்கு நேரக்காப்பாளரைக் காட்டிலும் பொருத்தமானவர் இலர். தாளில் குறிப்பதைக் கைப்பேசியில் குறிக்கும் எளிய பக்கம் ஒன்று அவருக்கென அமைந்தால், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி நிலையத்தின் எல்லாப் புறப்பாடுகளும் பதிவாகும். தனியார் உரிமையாளர்களிடம் தயக்கம் எழக்கூடும். முன்னே செல்லும் பேருந்தே பயணிகளை ஏற்றிச் செல்கிறது என்பதால் ஓரிரு நிமிடத்திற்காகவும் நேரத் தகராறு நிகழ்வது பேருந்துத் தொழில் அறிந்த செய்தி. அனுமதிக்கப்பட்ட நேரம் பொதுவெளிக்கு வந்தால் நேரந்தவறாதவர்க்கு அது நன்மையாகும் என்பதை அவர்களுக்கு உணர்த்துவது திட்டத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

இடப்பெயர்த் தேடலும் தமிழும்

செயலியில் பயணி முதலில் செய்யும் செயல் ஊர்ப்பெயரைத் தேடுவது. தமிழில் இது எளிய சிக்கல் அன்று. இராசிபுரம் – ராசிபுரம், குமாரபாளையம் – கொமாரபாளையம், ஐந்து ரோடு – அஞ்சு ரோடு – ஐந்து சாலை என எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுகின்றன. ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் தட்டச்சில் பிறழ்வது இயல்பு. ‘ஏற்காடு’ என்பதை ‘ஏர்காடு’ எனத் தட்டுவோர் உளர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்வோர் அதினும் பலர்.

எழுத்துப் பிழையைப் பொறுத்தல் ஒன்று. ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்தறிதல் மற்றொன்று. நாமக்கல்லில் ‘வேலூர்’ என்றால் காவிரிக் கரையிலுள்ள பரமத்திவேலூர். மாநில அளவிலான தேடலில் அது வடக்கிலுள்ள வேலூர் மாநகரைச் சுட்டும். சேலத்தில் ‘ஆத்தூர்’ என்றால் வசிட்ட நதிக்கரையிலுள்ள நகரம். திண்டுக்கல்லிலும் தூத்துக்குடியிலும் அதே பெயரில் ஊர்கள் உள. ஆகவே தேடல், பயணி நிற்கும் இடத்திற்கு அண்மையிலுள்ள ஊரை முதலில் வைக்க வேண்டும்; ஒவ்வொரு பெயரின்கீழும் ‘நாமக்கல் மாவட்டம்’ என்பது போன்ற ஒரு வரி இருத்தல் வேண்டும்.

இதற்கு மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்று தேவை. ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் அரசுப் பதிவிலுள்ள பெயர், மக்கள் வழக்குப் பெயர், பழைய பெயர், ஆங்கில எழுத்து வடிவங்கள் ஆகியவை தொகுக்கப்பட வேண்டும். நடத்துநர் கூவும் பெயரே பயணியின் பெயர். அப்பெயர் பலகையில் இராது. இத்தொகுப்புப் பணி கணினியியலாளருக்கு மட்டும் உரியதன்று. வட்டார வழக்கையும் இடப்பெயரியலையும் கற்ற தமிழாய்வாளர் நேரடியாகப் பங்களிக்கத்தக்க களம் இது. சேலம், நாமக்கல் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர் களப்பணியாக இதனை மேற்கொண்டால், செயலிக்குத் தரவும் இடப்பெயராய்வுக்குச் சான்றும் ஒருங்கே கிடைக்கும்.

வழி கணித்தல்

இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய பாதையைக் காணும் முறையை 1959-இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்டார். சாலை வழிக்கு அது பொருந்தும். பேருந்திலோ பாதை எப்போதும் இருப்பதில்லை; பேருந்து வரும் கணத்தில் மட்டுமே ‘பாதை’ உண்டாகிறது. இதற்கென 2012-இல் வெளியான ராப்டர் என்னும் முறை சுற்றுச் சுற்றாகக் கணக்கிடுகிறது. முதற்சுற்றில் ஒரே பேருந்தில் எட்டத்தக்க நிறுத்தங்கள், இரண்டாம் சுற்றில் ஒருமுறை மாறி எட்டத்தக்கவை, மூன்றாம் சுற்றில் இருமுறை மாறி எட்டத்தக்கவை என விரிகிறது. ‘மாறாமல் போகும் பேருந்து உண்டா?’ என்பதே பயணியின் இயல்பான கேள்வியாதலின், இம்முறையின் போக்கும் பயணியின் எண்ணப் போக்கும் ஒத்துச் செல்கின்றன.

காத்திருப்பைக் கணிக்கும்போது சராசரி ஏமாற்றும். ஒரு வழித்தடத்தில் மணிக்கு இரண்டு பேருந்துகள் உள்ளன எனக் கொள்வோம். சரியாக அரைமணிக்கு ஒன்றாக வந்தால், நேரம் அறியாமல் நிறுத்தத்திற்கு வருபவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். அதே இரண்டு பேருந்துகள் ஐந்து நிமிட இடைவெளியில் ஒன்றையொன்று துரத்தி வந்து, அடுத்த 55 நிமிடம் எதுவும் வராவிட்டால், சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 25 நிமிடமாகும். பேருந்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. காத்திருப்பு மட்டும் கூடியது. ஒரு நடையைக்கூடக் கூட்டாமல், நேரத்தை முன்கூட்டி அறிவிப்பதன் வாயிலாகவே இக்காத்திருப்பைக் குறைக்கலாம் என்பது செயலிக்கான வலுவான நியாயம்.

மாறும் இடத்தில் இரண்டே நிமிட இடைவெளி வைத்துக் கணக்கிட்ட வழி தாளில் சிறந்தது. தரையில் இடர் மிக்கது. அந்த இரண்டாம் பேருந்து அன்றைய கடைசிப் பேருந்தானால் விளைவு கடுமையானது. கொல்லிமலை அடிவாரத்திலோ, ஏற்காட்டிலோ இரவில் பேருந்தைத் தவறவிடும் பெண்ணுக்கு அது ஒரு மணி நேரத் தாமதம் அன்று. எனவே ஒவ்வொரு வழியின்கீழும், ‘இதைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு’ என்னும் வரி கட்டாயமாக இருத்தல் வேண்டும். போகும் வழியைக் கேட்டவுடன், கேளாமலேயே, திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரமும் காட்டப்பட வேண்டும். இவ்விரு வரிகளும் கணிப்புநெறியில் சிறு சேர்க்கைகளே. பயணியின் துணிவில் அவற்றின் பங்கு பெரிது.

கரிமக் கணக்கைக் காட்டும் முறை

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.68 கிலோகிராமும், பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.31 கிலோகிராமும் கரியமில வாயு வெளியாகின்றன. சேலம் – நாமக்கல் தொலைவை 50 கிலோமீட்டர் எனவும், ஒரு லிட்டருக்குப் பேருந்து 5, மகிழுந்து 15, இருசக்கர வாகனம் 50 கிலோமீட்டர் ஓடுவதாகவும் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம்.

பேருந்து 26.8 கிலோகிராம் வெளியிடும். 40 பேர் இருப்பின் ஒருவர் பங்கு 0.67. மகிழுந்து 7.7 கிலோகிராம்; ஒருவரே சென்றால் முழுவதும் அவர் பங்கு, நால்வர் சென்றால் ஒருவருக்கு 1.9. இருசக்கர வாகனத்தில் தனியே செல்பவர் பங்கு 2.31, இருவர் சென்றால் ஒருவருக்கு ஏறத்தாழ 1.16. இதுவரை பேருந்தே சிறந்தது. அதே பேருந்தில் 10 பேர் மட்டும் இருந்தால் ஒருவர் பங்கு 2.68 ஆகி, தனியே செல்லும் இருசக்கர வாகனத்தை மிஞ்சிவிடும்.

இவ்வெண்ணை அப்படியே திரையில் காட்டும் செயலி, காலியாக ஓடும் நண்பகல் பேருந்தை விட்டு வண்டியில் செல்லுமாறு பயணிக்கு அறிவுரை கூறியதாகும். அது பிழையான முடிவு. அப்பேருந்து அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடும். அவர் ஏறுவதால் கூடும் எரிபொருள் மிகச் சிறிது. அவர் வண்டியை எடுத்தாலோ ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாகக் கூடும். ஆகவே பயணிக்குக் காட்ட வேண்டியது சராசரிப் பங்கு அன்று, அவருடைய தேர்வால் விளையும் கூடுதல் உமிழ்வு. சராசரிப் பங்கு, நடைகளைத் திட்டமிடும் கழகத்திற்கு உரிய அளவுகோல். ஒரே தரவு இருவருக்கு இருவகையில் பயன்படுவதை வடிவமைப்பாளர் பிரித்தறிய வேண்டும்.

கிலோகிராம் கணக்கு முதற்திரையில் இடம்பெற வேண்டியதும் இல்லை. மாதம் எத்தனை ரூபாய் மிச்சம் என்னும் செய்தி எல்லார்க்கும் விளங்கும். உமிழ்வுக் கணக்கை விரும்புவோர் ஒரு தட்டலில் காணலாம். வேறு வழியின்றிப் பேருந்தில் செல்லும் ஏழைக்கு ‘நீங்கள் பூமியைக் காத்தீர்கள்’ எனப் பாராட்டு வழங்குவது, அவருடைய நிலையை அறியாத சொல்லாகவே ஒலிக்கும்.

திரை வடிவமைப்பு

ஐ.எஸ்.ஓ. 9241-11 தரம், குறித்த சூழலில் குறித்த பயனர் தம் நோக்கத்தை அடைவதில் உள்ள பயன்விளைவு, திறன், மனநிறைவு ஆகிய மூன்றையும் பயன்பாட்டெளிமையின் கூறுகளாக வகுக்கிறது. இங்குச் சூழல் என்பது நண்பகல் வெயில், ஒரு கையில் பை, மறு கையில் கீறல் விழுந்த திரையுடைய விலை குறைந்த கைப்பேசி என்பதாகும்.

இச்சூழலுக்குச் சில விதிகள் பெறப்படுகின்றன. எழுத்திற்கும் பின்புலத்திற்கும் இடையே வண்ண வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருத்தல் வேண்டும் என இணைய அணுகல் வழிகாட்டுநெறி கூறுகிறது. வெயிலில் பயன்படும் செயலிக்கு அதனினும் கூடுதல் தேவை. ஆங்கிலத் திரையை வடிவமைத்த பின் தமிழை நிரப்பினால், பொத்தான்களில் சொற்கள் பாதியில் வெட்டுப்படும். தமிழிலேயே முதல் வரைவைத் தொடங்கினால் இக்குறை நேராது. கலைச்சொல் தூய்மையை விடப் பயணி அறிந்த சொல் முதன்மை பெற வேண்டும்: ‘ஏறுமிடம்’, ‘இறங்குமிடம்’, ‘மாறுமிடம்’ என்பன எவர்க்கும் விளங்கும். நேரத்தை 22:10 என்பதற்கு மாறாக ‘இரவு 10.10’ எனக் காட்டுதல் வேண்டும். படிக்க இயலாதவர்க்கும் பார்வைக் குறையுடையோர்க்கும் குரல்வழி வினாவும் விடையும் தேவை.

‘கட்டணமில்லாப் பேருந்து மட்டும்’ என்னும் தெரிவு, அமைப்புகளின் உள்ளே மறைந்திராமல் தேடல் பெட்டியின் அருகிலேயே இருத்தல் வேண்டும். சேமித்த வழித்தடங்களின் அட்டவணை இணைப்பின்றியும் திறக்க வேண்டும். கைப்பேசி எண்ணைக் கேட்டுப் பதிவு செய்த பின்னரே பேருந்து நேரத்தைக் காட்டும் வழக்கம் தவிர்க்கப்பட வேண்டும். ஒருவர் எங்கு, எப்போது, எத்தனை முறை செல்கிறார் என்பது அவருடைய வாழ்வின் வரைபடமே. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 நோக்கத்திற்குத் தேவையான அளவே தரவைப் பெற வலியுறுத்துகிறது. பேருந்து நேரம் சொல்வதற்குப் பெயரும் எண்ணும் தேவையில்லை.

பயனர் சோதனை

வடிவமைப்பின் தகுதியை வடிவமைப்பாளர் முடிவு செய்தல் ஆகாது. பேருந்து நிலையத்திலேயே பயணிகளிடம் மூன்று பணிகளைக் கொடுத்துச் சோதிக்கலாம்: திருச்செங்கோட்டிலிருந்து ஏற்காடு சென்று அன்றே திரும்பும் வழியைக் காணுதல், கட்டணமில்லாப் பேருந்தில் மட்டும் ஓமலூர் செல்லுதல், கைப்பேசி இணைப்பை நிறுத்திய நிலையில் அடுத்த பேருந்தைக் காணுதல். எத்தனை பேர் பிறர் உதவியின்றி முடித்தனர், எவ்வளவு நேரமாயிற்று, எங்குத் தயங்கினர் என்பன பதிவாக வேண்டும்.

மனநிறைவை அளக்க, ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்து வினாக்கள் கொண்ட பயன்பாட்டெளிமை அளவுகோல் இன்றும் பயிலப்படுகிறது. ஒற்றைப்படை வினாக்களின் மதிப்பிலிருந்து ஒன்றைக் கழித்தும், இரட்டைப்படை வினாக்களின் மதிப்பை ஐந்திலிருந்து கழித்தும் கூட்டி, 2.5-ஆல் பெருக்கினால் நூற்றுக்கான மதிப்பெண் கிட்டும். எதிர்மறை வாக்கியங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இவ்வினாக்களைத் தமிழாக்கும்போது இரட்டை எதிர்மறை விளையாமல் காத்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தயங்குவோரிடம் வாய்மொழியாகவே கேட்டுப் பெறுதல் முறையாகும். கல்லூரி மாணவரிடம் மட்டும் சோதித்துப் பெறும் உயர்ந்த மதிப்பெண், விசைத்தறித் தொழிலாளியைப் பற்றி எதையும் மெய்ப்பிக்காது.

முடிவுரை

சேலம் – நாமக்கல் சமவெளிக்கான பயணச் செயலி, தொழில்நுட்பப் புதுமையால் அன்றி, யாரை முதன்மைப் பயனராகக் கொள்கிறது என்பதால் மதிப்பிடப்பட வேண்டும். ஏற்கெனவே பேருந்தில் செல்வோரை முன்னிறுத்தும்போது வடிவமைப்பின் முன்னுரிமைகள் மாறுகின்றன. விரைவான வழிக்கு முன்னால் கட்டணமில்லா வழியும், கிலோகிராம் கணக்கிற்கு முன்னால் கடைசிப் பேருந்தின் நேரமும், அலுவல்முறைப் பெயருக்கு முன்னால் நடத்துநர் கூவும் பெயரும் வந்து நிற்கின்றன.

இதற்கான தரவு புதிதாகப் படைக்கப்பட வேண்டியதில்லை. போக்குவரத்து அலுவலகக் கோப்பிலும், கிளைப் பணிமனையிலும், நேரக்காப்பாளரின் பதிவேட்டிலும் உள்ளதைத் திறந்த தரத்தில் வெளியிட்டு, மாற்றம் நேரும்போது திருத்தும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் ஒப்படைத்தல் முதற்படி. மாற்றுப்பெயர்ப் பட்டியலைத் தொகுத்தலும், சோதனை வினாக்களைத் தமிழில் தரப்படுத்தலும் இவ்வட்டாரக் கல்வி நிறுவனங்கள் உடனே தொடங்கத்தக்க ஆய்வுப் பணிகள். நாமக்கல்லில் புதிய நிலையம் திறந்ததைப் போன்ற அடுத்த மாற்றம் நேர்வதற்கு முன் இப்பணிகள் தொடங்கப்பட்டால், பேருந்தை நம்பியவர் அந்நம்பிக்கையைக் கைவிட வேண்டிய காரணங்களில் ஒன்றேனும் குறையும்.